உறுதிமொழியும் உறுதியும்: உதைபந்தாட்ட மைதானங்களும் இரசிகரின் அவநம்பிக்கையும்

விளையாட்டைப் பற்றி எம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் வெற்றி தோல்விச் செய்திகளாகவோ வீரர் புகழ்ச்சிகளாகவோ அமைந்துவிடுகின்றன. விளையாட்டுக் கழகத்தை ஒரு சமூக நிறுவனமாகக் கொண்டு, அதன் சொத்து யாரிடம் உள்ளது, தீர்மானங்களை எடுப்போர் யாவர், அத்தீர்மானங்களின் விளைவைச் சுமப்போர் யாவர் என வினவும் முயற்சிகள் மிகச் சிலவே. இக்கட்டுரை அவ்வினாக்களுள் ஒன்றினை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றது. மைதானத்தின் உரிமை பற்றிய பேச்சுவார்த்தை எழும்போதெல்லாம் உதைபந்தாட்ட இரசிகர்கள் தம் கழகத்தின் உரிமையாளரை நம்ப மறுப்பதைக் காண்கின்றோம். அம்மறுப்பு வெறும் உணர்ச்சியா, அன்றி நியாயமானதொரு தீர்ப்பா என்பதே இங்கு ஆராயப்படுவது.

உரிமையாளரும் அவர் சார்பில் எழுதுவோரும் இவ்வவநம்பிக்கைக்குத் தரும் விளக்கம் ஏறக்குறைய எங்கும் ஒன்றே. இரசிகன் பழமையில் பற்றுடையவன்; வணிகக் கணக்கு அறியாதவன்; பணம் முதலீடு செய்யாதவன்; ஆதலின் அவன் ஐயம் பொருட்படுத்தத்தக்கதன்று என்பர். இவ்விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பழைய மைதானத்தை விடமாட்டோமென அடம்பிடிப்பதால் கழகம் வருவாயிழந்து பின்தங்குவதும் உண்டு. எனினும், இவ்விளக்கம் ஓர் அடிப்படை உண்மையை மறைத்துவிடுகின்றது. கழகமும் மைதானமும் சட்டத்தின் கண்ணில் இருவேறு சொத்துக்கள். ஒன்றை இழந்தும் மற்றொன்றை விற்கலாம். இரசிகனுக்கோ அவை இரண்டல்ல. இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேயே அவநம்பிக்கை பிறக்கின்றது.

இலண்டன் மாநகரின் செல்சிக் கழகத்து வரலாறு இதனை நன்கு விளக்குவதாகும். அக்கழகம் 1905 இல் தோன்றியது. அதன் மைதானமான ஸ்டம்போர்ட் பிறிட்ஜ் அதற்கு முன்னரே இருந்தது. மைதானத்தை வைத்திருந்தவர் அதனை வேறொரு கழகத்திற்குத் தர முன்வந்தபோது அக்கழகம் மறுத்துவிட, அங்கு ஆடுவதற்கென்றே புதிய கழகம் நிறுவப்பட்டது. ஆகவே, செல்சியைப் பொறுத்தவரை மைதானம் முன்பிறந்தது, கழகம் பின்பிறந்தது. எழுபதுகளில் எழுப்பிய பெரும் அரங்கொன்றினால் அக்கழகம் கடனில் ஆழ்ந்தது. 1982 இல் கென் பேற்ஸ் என்பார் கழகத்தை ஒரேயொரு பவுணுக்கு வாங்கினார். ஆனால், மைதானத்தின் நிலம் வேறொரு கம்பனியிடம் இருந்தது. அக்கம்பனியின் பங்குகள் நில வணிக நிறுவனமொன்றின் கைக்குச் சென்றன. வீடுகளும் கடைகளும் கட்டினால் இந்நிலம் எவ்வளவு பெறும் என்பதே நில வணிகரின் கணக்காக இருந்தது. பல்லாண்டுகள் கழகம் தன் சொந்த வீட்டிலேயே வெளியேற்றத்தை எதிர்நோக்கியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிலவிலைகள் சரிந்து அந்நிறுவனம் வீழ்ந்தமையாலேயே மைதானம் தப்பியது. கழகத்தைக் காத்தது நிலச் சந்தையின் வீழ்ச்சி என்பது கவனிக்கத்தக்கது. அதே சந்தை மீண்டும் எழுமாயின் யார் காப்பார் என்ற வினா அப்போதே எழுந்தது.

அவ்வினாவுக்கு விடையாக 1993 இல் 'செல்சி பிற்ச் ஓனர்ஸ்' என்னும் அமைப்பு உருவாயிற்று. இரசிகர்கள் நூறு பவுண் வீதம் பங்கு வாங்கலாம். எத்தனை பங்கு வாங்கினும் ஒருவருக்கு நூறு வாக்குகளுக்கு மேலில்லை. பங்கு விற்ற பணம் மட்டும் போதாமையால், கழகத்தின் தாய்க் கம்பனியிடமே கடன்பட்டு, 1997 இல் இவ்வமைப்பு மைதான நிலத்தின் முழு உரிமையைப் பெற்றது. பின்னர் அந்நிலத்தைப் பெயரளவு வாடகைக்கு 199 ஆண்டுக் குத்தகையாகக் கழகத்திற்கே கொடுத்தது. இன்னுமொரு நிபந்தனையும் உண்டு. இவ்வமைப்பின் இணக்கமின்றிக் கழகம் வேறிடம் செல்லுமாயின் 'செல்சி உதைபந்தாட்டக் கழகம்' என்ற பெயரை அது பயன்படுத்தலாகாது. இவ்வேற்பாட்டை முன்நின்று உருவாக்கியவர் அன்றைய உரிமையாளரான பேற்சே என்பது மனங்கொளத்தக்கது. தனக்குப் பின் வருவோரை மட்டுமன்றித் தன்னையும் கட்டுப்படுத்தும் ஒரு விலங்கினை அவர் தாமே பூட்டிக்கொண்டார்.

இவ்வேற்பாடு சோதனைக்குள்ளானது 2011 ஒக்டோபரில். 2003 இல் கழகத்தை வாங்கிய ரோமன் அப்ரமோவிச்சின் நிருவாகம், மைதான நிலத்தைத் திருப்பி வாங்க விரும்புவதாக அறிவித்தது. பங்குக்குக் கொடுத்த நூறு பவுணையே திருப்பித் தருவதாகவும், 2020 இற்கு முன் இடம் மாற நேரின் மூன்று மைல் எல்லைக்குள்ளேயே மாறுவதாகவும் அது கூறியது. இருக்கைகள் போதாமை, அயற்கழகங்களின் பெரிய அரங்குகள், வருவாய்க் குறைவு ஆகியன காரணங்களாகக் காட்டப்பட்டன. அக்காரணங்கள் பொய்யல்ல. ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் அமரும் அரங்கோடு, 2006 இல் அறுபதினாயிரம் பேருக்கென அரங்கு கட்டிய ஆர்சனலோடு போட்டியிடுவது கடினமே. ஆனால், பங்குதாரர் வினவியது வேறொன்று. 2020 இற்குப் பின்னர் என்ன? எங்கு செல்லப்போகின்றோம் எனக் கூறாமல், செல்வதைத் தடுக்கும் உரிமையை முதலில் ஒப்படைக்கும்படி ஏன் கேட்கின்றீர்கள்? மூன்று வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய அவசரம் யாது?

ஒக்டோபர் 27 ஆம் நாள் நடைபெற்ற விசேட பொதுக்கூட்டத்தில் 61.6 வீத வாக்குகள் விற்பனைக்கு ஆதரவாக விழுந்தன. தேவைப்பட்டதோ 75 வீதம். பிரேரணை தோற்றது. பெரும்பான்மையினரின் விருப்பத்தைச் சிறுபான்மையினர் தடுத்துவிட்டனரே, இது சனநாயகமாகுமா எனக் கேட்கலாம். மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்வினா நியாயமானதாகவே தோன்றும். ஆயினும், திருத்தக்கூடிய தீர்மானத்துக்கும் திருத்தவொண்ணாத தீர்மானத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பயிற்றுநரைத் தெரிவதில் தவறினால் அடுத்த பருவத்தில் மாற்றலாம். கைவிட்டுப்போன நிலம் மீள்வதில்லை. மீள முடியாத காரியத்துக்கு மிகுந்த உடன்பாடு வேண்டுமென விதிப்பது சிறுபான்மையினருக்குக் கொடுத்த சலுகையாகாது. அது இன்னும் பிறவாத இரசிகருக்கு ஒதுக்கிய பங்கு எனலாம்.

இவ்விடத்து விமரிசகன் கவனிக்கவேண்டிய முரணொன்று உண்டு. எதிர்த்து வாக்களித்தோர் அப்ரமோவிச்சை வெறுத்தவர்களென்று கொள்வதற்கில்லை. அவர் பணத்தால் வந்த வெற்றிகளை அவர்களும் கொண்டாடினர். அரங்கில் அவர் பெயரைப் பாடியோர் அவர்களிடையேயும் இருந்தனர். ஒருவரை விரும்பிக்கொண்டே அவரிடம் சாவியை ஒப்படைக்க மறுப்பது எங்ஙனம்? இதனை நன்றியின்மை என்றனர் சிலர். ஆனால், அன்பு ஒரு மனிதனின் இன்றைய நடத்தை பற்றியது. உரிமைப்பத்திரமோ அவனுக்குப் பின் வரும் முகமறியாதோர் பற்றியதும் ஆகும். 2022 இல் நடந்தவை இதனை மெய்ப்பித்தன. உக்கிரேன் மீதான உருசியப் படையெடுப்பைத் தொடர்ந்து மார்ச் 10 ஆம் நாள் பிரித்தானிய அரசு அப்ரமோவிச்சின் சொத்துக்களை முடக்கிற்று. மே மாத முடிவிற்குள் கழகம் வேறொரு முதலீட்டாளர் குழுவின் கைக்கு மாறியது. பத்தொன்பது ஆண்டுகள் அசையாதிருந்த உரிமை மூன்று மாதங்களுள் அகன்றது. அக்குழப்பத்தினூடே கைமாறாது நின்றது இரசிகரின் பெயரிலிருந்த அந்நிலமே. அதனை 2011 இல் விற்றிருந்தால் அதுவும் முடக்கப்பட்ட சொத்துக்களோடு சேர்ந்திருக்கும். அன்று மறுத்தவர்கள் எதிர்காலத்தை அறிந்தவரல்லர். எதிர்காலத்தை அறிய முடியாது என்பதை அறிந்திருந்தனர்.

இத்தகைய காப்பு இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதற்கு அதே நகரின் விம்பிள்டன் கழகம் சான்று. அதன் மைதானமான புளோ லேனைப் பிற பயன்களுக்கு விற்காதவாறு தடுத்துநின்ற நிபந்தனையொன்று பணம் கொடுத்து நீக்கப்பட்டது. 1991 இல் கழகம் அயற்கழகமொன்றின் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. 1998 இல் பழைய மைதானம் பல்பொருள் அங்காடி நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. 2002 மே மாதத்தில் கழகத்தையே நெடுந்தொலைவிலுள்ள மில்ரன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்ல அனுமதி கிடைத்தது. இவற்றுள் ஒவ்வொரு படியும் தற்காலிகமானது, தவிர்க்க முடியாதது என்றே அறிவிக்கப்பட்டது. முதற்படியில் ஐயுற்றோர் மிகைப்படுத்துவோராகக் கருதப்பட்டனர். அந்த இரசிகர்கள் அதே ஆண்டில் புதிய கழகமொன்றைத் தாமே நிறுவி, கீழ்மட்டப் போட்டிகளிலிருந்து ஆடத் தொடங்கி, 2020 நவம்பரில் புளோ லேன் வீதிக்கே புதிய மைதானத்தோடு மீண்டனர். மீட்சி மகிழ்ச்சிக்குரியதே. எனினும், ஒரு நிபந்தனை நீக்கப்பட்டதன் விலை ஏறத்தாழ முப்பதாண்டு அலைச்சல் என்பதை மறத்தலாகாது.

இனி எம் அயலுக்கு வருவோம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920 ஓகஸ்ட் 1 ஆம் நாள் தோன்றியது. 1947 பிரிவினைக்குப் பின் ஊரையும் காணியையும் இழந்து மேற்கு வங்கம் வந்த மக்கள், போன ஊரின் பெயரைத் தாங்கிநின்ற அக்கழகத்தைத் தமதாக்கிக்கொண்டனர். இடப்பெயர்வை அறிந்த எமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், அக்கழகத்தின் மைதானமும் 'ரென்ற்' என அழைக்கப்படும் கழகமனையும் அமைந்துள்ள மைதான் பெருவெளி இந்தியப் படைத்துறையின் பொறுப்பிலுள்ள நிலம். பெரும் போட்டிகள் நடைபெறும் சோல்ற் லேக் அரங்கோ மாநில அரசுக்குரியது. நிலமிழந்தோரின் கழகத்திற்கு இன்றும் சொந்த நிலமில்லை. ஆகவே, அங்கு உரிமை பற்றிய வாதம் நிலத்தைவிட, கழகத்தின் பெயர், சின்னம், விளையாடும் உரிமை, உறுப்பினரின் அதிகாரம் ஆகியவற்றின் மீதே எழுந்தது.

2018 இல் ஒரு நிறுவனம் 70 வீத உரிமையோடு வந்து ஈராண்டில் விலகியது. 2020 செப்டெம்பரில் ஸ்ரீ சிமென்ற் நிறுவனம் முதலீட்டாளராக வந்தது. தொடக்க ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இறுதி ஒப்பந்தம் கைச்சாத்தாகவில்லை. இறுதி ஒப்பந்தத்தின் வாசகங்கள் உறுப்பினரின் உரிமைகளைப் பறிப்பன என்றனர் கழக நிருவாகிகள். முன்னர் உடன்பட்டதையே கேட்கின்றோம் என்றது நிறுவனம். 2021 யூலை 21 ஆம் நாள் கழகமனைக்கு முன்னே இரசிகர்கள் திரண்டனர். ஒப்பமிடுக என்றது ஒரு சாரார். நிருவாகிகளுக்குத் துணை நின்றது மற்றொரு சாரார். மோதல் மூண்டது, பொலிசார் தடியடி நடத்தினர். ஓகஸ்ட் மாதத்தில் முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட்டமையால் ஒரு பருவத்திற்கு மட்டும் உறவு நீடித்தது. காலந்தாழ்த்தித் திரட்டப்பட்ட அணி அப்பருவத்தின் 20 ஆட்டங்களுள் ஒன்றில் மட்டுமே வென்று இறுதி இடத்தை அடைந்தது. 2022 இல் நிறுவனம் விலக, எமாமி நிறுவனம் வந்தது.

இலண்டனிலும் கொல்கத்தாவிலும் இருந்த அவநம்பிக்கை ஒன்றே. விளைவுகளோ வேறு. ஓரிடத்தில் அது வாக்குச்சீட்டானது, மற்றையவிடத்தில் தெருச்சண்டையானது. இதற்குக் காரணம் வங்காள இரசிகனின் உணர்ச்சிவயப்பட்ட தன்மையே எனக் கூறுவது சோம்பேறித்தனமான விளக்கமாகும். வீதியில் நின்ற இரசிகர் பெரும்பாலோர்க்கு, தாம் எதற்காகச் சண்டையிட்டனரோ அவ்வொப்பந்தத்தின் மேல் வாக்கு எதுவும் இருக்கவில்லை. முதலீட்டாளரை நம்புவதா, நிருவாகிகளை நம்புவதா என்ற தெரிவே அவர்களுக்கு விடப்பட்டிருந்தது. ஆவணத்தின் மேல் அதிகாரம் இல்லாதவனுக்கு எஞ்சுவது ஆட்களின் மேலுள்ள நம்பிக்கையோ வெறுப்போதான். செல்சிப் பங்குதாரரின் கையில் ஆவணம் இருந்தமையால் அவர்கள் ஆளைப் பற்றிப் பேசவேண்டிய தேவை எழவில்லை. வாசகத்தைப் பற்றிப் பேசினர். அவநம்பிக்கைக்கு இடமும் வடிவமும் கிடைக்குமாயின் அது விமரிசனமாகின்றது, கிடையாதவிடத்து ஆத்திரமாகின்றது.

ஈழத்துத் தமிழில் இதனை மிகச் சுருக்கமாகக் கூறிவிடலாம். உறுதிமொழி வேறு; உறுதி வேறு. காணி வாங்குவோன் விற்பவனின் நல்ல குணத்தை விசாரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. உறுதி யார் பெயரில், எல்லைகள் யாவை, தோம்பில் பதிவு உண்டா எனக் கேட்பான். வன்னிக் குடியேற்றங்களில் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வாழும் குடும்பங்கள் பல. ஆண்டாண்டாய்ப் பயிர்செய்த நிலத்திலும் பயன்பாடு வேறு, உரிமை வேறு என்பதை அவை அறியும். 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் உடையார்கட்டும் இருந்தது. அவ்வறிவிப்பை நம்பி அங்கு ஒதுங்கியோருக்கு நேர்ந்த கதி உலகறிந்தது. அப்பேரழிவை ஒரு விளையாட்டு வழக்கோடு ஒப்பிடுதல் தகாது; அது எம் நோக்கமுமன்று. வெறும் வாக்கின் மதிப்பு யாதென்று தெரிந்த மக்களை, ஐயுறுகின்றீர்களே என எவரும் கடிந்துகொள்ள முடியாது என்பதைச் சுட்டுவதே நோக்கம்.

ஐயத்தைப் பகையாக்காது முறையாக்கும் வழக்கமும் இம்மண்ணிலேயே உண்டு. சிறுபோகம் தொடங்குமுன் குளத்தின் கீழுள்ள கமக்காரர் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்குக் கூடுவர். குளம் அரசினுடையது; நீரைத் திறக்கும் அதிகாரம் உத்தியோகத்தரிடம் உள்ளது. ஆயினும், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது, எத்தனை ஏக்கருக்கு அது போதும், எந்நாளில் துருசு திறக்கப்படும், எந்நாளில் மூடப்படும் என்பன யாவும் எல்லோர் முன்னிலையிலும் பேசப்படுகின்றன. நீர்மட்டம் என்னவென்று கேட்கும் கமக்காரனைப் பார்த்து, 'என்மேல் உமக்கு நம்பிக்கை இல்லையா?' என எந்த உத்தியோகத்தரும் வினவுவதில்லை. கேட்பது அவன் கடமை. சொல்வது இவர் கடமை. செல்சியின் 75 வீத விதியும் உடையார்கட்டுக் குளத்தடிக் கூட்டமும் ஒரே அறிவின் இரு வடிவங்கள் எனலாம். பொதுவான ஒன்றைக் காக்கப் பொதுவான ஐயம் வேண்டும் என்பதே அவ்வறிவு.

இவ்வறிவு எம் விளையாட்டுக் கழகங்களுள் இன்னும் போதிய அளவு புகவில்லை என்பது வருந்தத்தக்கது. மீள்குடியேற்றத்தின் பின்னர் வன்னிக் கிராமங்களில் கழகங்கள் மீண்டும் எழுந்தன. சில பாடசாலை மைதானத்தில் ஆடுகின்றன. சில கோயிற் காணியிலும், சில பிரதேச சபையின் அல்லது அரசின் நிலத்திலும் ஆடுகின்றன. இளைஞர் பற்றை வெட்டி, மேடு பள்ளம் நிரவி, கம்பம் நட்டு உருவாக்கிய ஆடுகளத்திற்கு அவர்கள் பெயரில் ஒரு துண்டுக் கடிதமும் இல்லாதிருப்பது அரிதன்று. எமக்குக் கோடீசுவர உரிமையாளர் இல்லை. ஆனால், பணம் தருவோர் உண்டு. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் நிதியால் பார்வையாளர் மண்டபமும் மின்னொளியும் சுற்றுமதிலும் எழுகின்றன. அவர்தம் அன்பு போற்றற்குரியது. எனினும், மதிலின் திறப்பு யாரிடம், மண்டபத்தின் பெயர் யாருடையது, நிதி தந்தவர் முகம் சுளித்தால் அணியின் தலைவர் மாற வேண்டுமா என்னும் வினாக்கள் எழுமிடத்து, அவற்றைக் கேட்பவன் நன்றி கெட்டவனாகக் கருதப்படுகின்றான். இது அப்ரமோவிச்சுக்கு எதிராக வாக்களித்தோர் மீது சுமத்தப்பட்ட அதே பழியேயாகும்.

இதற்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். ஒன்று, ஐயம் மிகுந்தவிடத்துப் பணம் தருவோர் விலகிவிடுவர் என்பது. கொல்கத்தா அனுபவம் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆனால், அங்கு முதலீட்டாளரை விலக்கியது இரசிகரின் கேள்வியன்று. இறுதி ஒப்பந்தத்தை முடிக்காமலே உறவைத் தொடங்கிய அவசரமே. கணக்கும் விதியும் தெளிவாயிருக்குமிடத்து நல்லெண்ணமுடையோர் துணிந்து கொடுப்பர். மற்றொன்று, இரசிகரே உரிமையாளராவதால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்பது. தீராது. புளோ லேனில் புதிய அரங்கினைக் கட்டி முடிக்கப் பெருந்தொகை குறைவுபட்டபோது, வெளி முதலீட்டாளரை ஏற்பதா என்ற வாதம் இரசிகர் உரிமையிலிருந்த அக்கழகத்துக்குள்ளேயே எழுந்தது. இறுதியில் ஆதரவாளரிடமே கடன்பத்திரம் விற்று நிதி திரட்டினர். செல்சி அமைப்பும் கழகத்தின் கடனிலேயே பிறந்தது. இரசிகர் உரிமை பணத்தட்டுப்பாட்டை நீக்குவதில்லை. தட்டுப்பாடு வந்தவேளை முடிவெடுப்பவர் யார் என்பதை மட்டுமே மாற்றுகின்றது. அம்மாற்றம் சிறிதன்று.

இங்கிலாந்தில் 2025 யூலையில் நிறைவேறிய உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம், தன் கீழ் வரும் கழகங்கள் சுயாதீன ஒழுங்குபடுத்துநரின் அனுமதியின்றித் தம் மைதானத்தை விற்கவோ இடம் மாற்றவோ இயலாதென விதித்துள்ளது. உணர்ச்சிவசப்பட்டோரின் பிடிவாதம் என எள்ளப்பட்டது இன்று சட்டத்தின் வாசகமாகியிருக்கின்றது. அத்தகைய சட்டமொன்று எம் நாட்டில் வரும்வரை எம் கழகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடுகளத்தின் உரிமையாளர் யாரென்பதை எழுத்தில் கேட்டுப் பெறுதல், பயன்பாட்டு உரிமையைப் பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ பதியவைத்தல், நிலத்தையும் பெயரையும் பற்றிய தீர்மானங்களுக்கு நான்கில் மூன்று பங்கு உறுப்பினரின் உடன்பாடு வேண்டுமென யாப்பில் சேர்த்தல், நன்கொடைக் கணக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசித்தல் ஆகியவற்றுக்குப் பெரும் செலவேதுமில்லை. ஒரு கொப்பியும் ஒரு கூட்டமும் போதும். அக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் இளைஞனை உட்காரச் சொல்லாதிருக்கும் பண்பும் வேண்டும்.